கோட்டையில் இல்லாதவர்

உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்ட போர்ப்படமாம். பார்த்துவிட்டு ஒருத்திக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம், இன்னொருத்தி பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துப் பட்டாளம் என்றால் என்னவென்று பாடம் எடுத்தாளாம். ஒரு வாரமாக நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. அதோடு விட்டிருந்தால் வழக்கம்போல நானும் போனைக் கவிழ்த்து வைத்திருப்பேன். "உங்கப்பா விஷயத்துல அன்னிக்கு என்னாதான்டி நடந்துச்சு, இப்பவாவது சொல்லேன்" என்று ஒருத்தி கேட்டுவைத்தாள். இந்த வயதிலும் உங்களுக்கு அந்த நமைச்சல் போகவில்லை. சரி, சொல்கிறேன். படித்துவிட்டுக் கும்பிடுகிற கை, அழுகிற முகம் எதையும் எனக்கு அனுப்பக் கூடாது.

அப்பா சொல்தா. உங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை, ஆனால் இதையும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் பக்கம் கப்பலேறிப் போன நம் ஊர் ஆட்களுக்கு அதுதான் பெயர். ஐம்பத்து நாலில், ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதற்குச் சில மாதம் முன்னால், அவர் முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்பி வந்தார். எனக்கு ஏழு வயது. ஒரு கறுப்புத் தகரப் பெட்டி கூடவே வந்தது. திறந்தால் கற்பூரமும் ஈரக் கம்பளியும் கலந்த நாற்றம் வரும். உள்ளே விளிம்பு பெயர்ந்த எனாமல் குவளை, கனத்த கோட்டு, அக்காவுக்கு வாங்கி வந்த அரக்குப் பூச்சுப் பெட்டி, இரண்டு மெடல், அப்புறம் லிவ்ரே. லிவ்ரே என்பது ஒவ்வொரு சொல்தாவுக்கும் உள்ள சின்னப் புத்தகம். எங்கே இருந்தான், என்றைக்கு மாற்றினார்கள், என்ன காயம், என்ன நோய் எல்லாவற்றையும் அதில் கையால் எழுதி முத்திரை குத்தியிருப்பார்கள். அப்பாவுக்குப் பிரெஞ்சு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

அவர் பேசுவதும் குறைவு. காரம் ஒத்துக்கொள்ளாது. அம்மா அவருக்கென்று மிளகாய் கிள்ளிப் போடாத ரசம் தனியாக வைப்பாள், சோற்றைக் குழையக் குழைய வடிப்பாள். நாலு வருஷம் தினமும் அந்த ரசத்தை எதிரில் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் ஒருவருக்காவது ஒரு கேள்வி தோன்றியிருக்க வேண்டாமா?

கேள்வி எப்படித் தோன்றும், பதில்தான் முன்கூட்டியே இருந்ததே. அதைத் தயாரித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அவரும் சொல்தாதான். ஆனால் சைகோன் துறைமுகத்தில் கம்பளி அடுக்கும் கிடங்கைத் தாண்டி அவர் ஒரு அடி வைத்ததில்லை. அப்பா வியட்நாமின் வடக்கே தோன்கின் மலையில் ஒரு சின்னக் கோட்டையில் இருந்தார். அதன் பெயர் எங்கள் வீட்டில் சாமி பெயருக்கு அடுத்தபடியாகப் புழங்கியது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அப்பா அங்கிருந்து யாரையோ கொண்டு எழுதவைத்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: நான் இருந்த கோட்டை விழுந்துவிட்டது, கூட இருந்தவர்கள் போய்விட்டார்கள், நான் சுகம். மீதியை மாமா கட்டினார். "எல்லாரும் செத்துட்டாங்க. எங்க அக்கா வூட்டுக்காரரு கடைசித் தோட்டா வரைக்கும் சுட்டுட்டு, மூணு நாளு பொணத்துக்கு அடியில மூச்சை அடக்கிக்கினு கெடந்தாரு." சலூனில் சொல்வார், சாராயக் கடையில் சொல்வார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்வார். அப்பா பக்கத்தில் இருந்தால் பீடியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதைத் தன்னடக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது அவர் செய்த தப்பு, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது நான். கன்னிகாஸ்திரீகளின் பள்ளியில், மதிய மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் உங்களையெல்லாம் வட்டமாக உட்காரவைத்துப் பிணங்களை அடுக்கிக் காட்டினேன். மூன்று நாளை ஐந்து நாளாக்கினேன். நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள், புளிப்பு மிட்டாய் கொடுத்தீர்கள். அதே வருஷம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் வகுப்பிலேயே வயிறு போய்ப் பாவாடையை அசிங்கப்படுத்திவிட்டாள். அவளுக்கு நாம் என்ன பட்டப்பெயர் வைத்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். அவள் பள்ளிக்கூடத்தை விட்டே போகும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். நானும்தான்.

ஐம்பத்தெட்டில் அக்காவுக்குப் பதினெட்டு. முதலியார்பேட்டையில் ஒரு ரிட்டையர் செர்ழான், நம் ஊர் வாயில் சார்ஜெண்ட்டுக்கு அதுதான் பெயர், தன் மூத்த மகனுக்கு அவளைக் கேட்டார். மகன் அந்த வருஷக் கடைசியில் பிரான்சுக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. நகை பற்றி, பாத்திரம் பற்றி செர்ழான் வாயே திறக்கவில்லை. "பொணத்துக்கு அடியில கெடந்தவன் பொண்ணு, கண்காணாத சீமையில கலங்க மாட்டா" என்றார். அதாவது மாமாவின் கதைக்குத்தான் அக்காவைக் கேட்டார். பிரெஞ்சுக்காரனின் தேசிய நாளான ஜூலை பதினாலு அணிவகுப்பு முடிந்ததும் வரும் வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவானது. அக்கா தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தவள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னிடம் பிரெஞ்சு வார்த்தை கற்றுக்கொண்டாள். தண்ணீர், நாற்காலி, நன்றி, குளிர்கிறது. "குளிருதுன்னு சொல்றதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்குதுடி" என்று சிரிப்பாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதம்தான்.

அந்த வருஷம் ஜூனில் ஒரு பிரெஞ்சுப் போர்ப்படம் வந்தது. கடற்கரைப் பக்கத்துக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்தாக்களுக்கும் குடும்பங்களுக்கும். கோட்டையின் பெயரைச் சுவரொட்டியில் பார்த்துவிட்டு மாமா ஓடி வந்தார். "மாமா, உங்க கதையையே படமா எடுத்துட்டான்!" என்று அப்பாவிடம் குதித்தார். அப்பா கிணற்றுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். "எனக்கு இருட்டுல உக்கார முடியாது. நீங்க போங்க" என்றார். அக்காவும் போகவில்லை. செர்ழான் வீட்டார் அங்கே வருவார்கள், நிச்சயத்துக்கு முன்னால் கண்ணில் படக் கூடாது என்று அம்மா நிறுத்திவிட்டாள்.

பிரெஞ்சுப் படம் பார்ப்பதில் நம் ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பேச்சு புரிகிற சொல்தா ஒருவர் நடுப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்குமாகச் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். பெரும்பாலும் அது மாமாதான். அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். கோட்டை வாசலில் பெயர்ப்பலகை தெரிந்ததும் கொட்டகையே எங்கள் பக்கம் திரும்பிக் கைதட்டியது. முன் நாற்காலியிலிருந்து செர்ழான் எழுந்து அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் திரையில் அப்பாவைத் தேட ஆரம்பித்தேன். சிவந்த முகமும் நீலக்கண்ணுமாக முப்பது பேர் வந்தார்கள், போனார்கள். "கோட்டை ஆபீசர் லெப்தினான் சொல்றாரு, நாம செத்தாலும் கொடி எறங்காதுன்னு" என்று மாமா அழாத குறையாகச் சொன்னார். அப்பா வரவில்லை.

கடைசியில் வந்தார், அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். ஒரே ஒரு கறுத்த ஆள். உண்மையில் முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரன். காலருக்குக் கீழே கழுத்து வெளுத்திருந்தது எனக்கே தெரிந்தது. கண்ணை உருட்டினான், பல்லைக் காட்டினான், பயத்தில் நடுங்கினான். எதிரி சூழ்ந்ததும் சுவரிலிருந்து கயிற்றில் இறங்கி ஓடி அவர்கள் காலில் விழுந்து, பின்பக்க வழியைக் காட்டிக்கொடுத்தான். மாமாவின் குரல் நின்றுபோனது. அதற்கப்புறம் ஒவ்வொருவராகச் செத்தார்கள், யாரும் தமிழில் சொல்லவில்லை. முடிவில் திரையில் எழுத்து வந்தது. மாமாவுக்கும் படிக்க வராது. "பாப்பா, என்னா போட்டிருக்கான், உரக்கப் படி" என்று என்னை இடித்தார். நான் பிரெஞ்சில் முதல் மார்க் வாங்குகிறவள். எழுந்து நின்று கொட்டகைக்கே கேட்கும்படி படித்துத் தமிழிலும் சொன்னேன்: "இது உண்மையாக நடந்தது. கோட்டையிலிருந்த வீரர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை."

அங்கே ஐம்பது அறுபது சொல்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் நம் நிறம். அத்தனை பேரும் இந்த மாதிரிக் கோட்டைகளில் வெள்ளைக்காரனுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்கள். இந்தப் படத்தில் நம் ஆட்கள் எங்கே போனார்கள், துரோகி மட்டும் ஏன் கறுப்பு என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிரெஞ்சில் அச்சாகி வந்தால் அது சர்க்கார் தாள் என்று நம்பிப் பழகிய ஊர். பிறப்புச் சான்றிதழுக்கும் சினிமா எழுத்துக்கும் அவர்களுக்கு வித்தியாசம் கிடையாது. இன்றைக்கு உங்களுக்கும் கிடையாது.

வெளியே வெயிலில் செர்ழான் மாமாவை நிறுத்தினார். "ஒருத்தனும் திரும்பலயாம். ஓடினவன் ஒருத்தன்தானாம். அப்போ உங்க மச்சான் யாரு?"

கதை நான் கட்டினது என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "எனக்கென்னாங்க தெரியும்? அவுரு சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றார் மாமா. அம்மா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவர் வேட்டியிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பா கயிற்றை முறுக்குவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து, "எங்க ஆளுங்களை எத்தினி பேரைக் காட்டினான்?" என்று கேட்டார்.

"ஒருத்தர்தான்பா."

"பதினோரு பேரு இருந்தோம். பத்து பேரும் அங்கியே செத்தாங்க."

அவ்வளவுதான். பதினோராவது ஆள் என்ன செய்தார் என்று அம்மா கேட்கவில்லை. பயந்தாள் என்று நினைக்கிறேன். அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் வெளியே போனபோது நான் பெட்டியைத் திறந்து லிவ்ரேயை எடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, கோட்டை விழுந்ததாகப் படத்தில் போட்ட தேதிக்குப் பக்கத்தில் வந்தேன். பழுப்பு மையில் டாக்டர் கையெழுத்து, கொஞ்சம் கிறுக்கல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. கோட்டை விழுவதற்கு எட்டு நாள் முன்னால் அப்பாவுக்குக் கடுமையான சீதபேதி. கழுதை மேல் ஏற்றி மலையிறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மாதம் படுக்கை. முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தது.

அவர் ஓடவில்லை. காட்டிக்கொடுக்கவில்லை. அக்கா கல்யாணம் நிற்க வேண்டியதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? வேப்பமரத்தடியும் உங்கள் முகங்களும்தான் முதலில் ஞாபகம் வந்தன. பிணத்துக்கு அடியில் கிடந்த அப்பா இல்லை, பேதிக்குப் படுத்த அப்பா. மூன்றாவது பெஞ்சுப் பெண்ணுக்கு வைத்த பெயரை எனக்கும் வைப்பீர்கள். துரோகி மகள் என்றாலாவது அதில் சினிமா இருக்கிறது. பதினோரு வயதில் எனக்குப் புத்தி அப்படித்தான் ஓடியது. அவர் மேல் ஆத்திரம் பொங்கியது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அடுத்த ஞாயிறு செர்ழான் ஆளனுப்பினார். அப்பா லிவ்ரேயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு, என்னையும் வரச் சொன்னார். ஏன் நான் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முதலியார்பேட்டை வரை நடந்தோம். செர்ழான் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பழைய சொல்தாக்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் கதவோரம் நின்றான். சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய், "வாப்பா, உக்காரு" என்றது. அப்பா உட்காரவில்லை.

"லிவ்ரேல இருக்குது. படிச்சிப் பாருங்க" என்று நீட்டினார்.

செர்ழானுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது, ஆள் தெரியும், எழுத்து தெரியாது. மற்றவர்கள் அச்செழுத்தையே கூட்டிப் படிக்கிறவர்கள். புத்தகம் கைமாறிக் கைமாறி மாமாவிடம் வந்தது. "டாக்டர் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்குது" என்று மாமா அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பாப்பா படிக்கட்டும். அவ மதர்கிட்ட படிக்கிறவ" என்றார் அப்பா. பக்கத்தை அவரே எடுத்து விரல் வைத்துக் காட்டினார். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும். சரியான இடத்தில்தான் விரலை வைத்திருந்தார். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் வீட்டுப் பெண்கள் என் வகுப்பு. யாரென்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மை ஊறிப்போயிருக்குப்பா. படிக்க முடியல" என்றேன்.

"நல்லா பாரு."

"முடியலப்பா."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, ஊரில் நாலு வருஷமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னார். "எனக்கு பேதி கண்டுச்சு. ரத்தமா போச்சு. கோட்டை விழறதுக்கு எட்டு நாளு முன்னாடியே என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. நான் அங்க இல்ல. சுடவும் இல்ல, ஓடவும் இல்ல. பொணக் கதை நான் சொன்னதில்ல."

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். செர்ழான் சிரிக்கவில்லை. அந்த ஆளை நான் திட்டத்தான் ஆசைப்படுகிறேன், ஆனால் அவர் அன்றைக்கு நியாயமாகத்தான் நடந்துகொண்டார். குனிந்து என் முகத்துக்கு நேரே வந்து, "பாப்பா, முழுசா படிக்க வேணாம். ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை எங்கியாவது தெரியுதா பாரு" என்றார். அந்த வார்த்தை என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இல்ல" என்றேன்.

செர்ழான் நிமிர்ந்தார். "பெத்த பொண்ணு வாயாலயே வந்துடுச்சு" என்றார். அப்பா என் கையிலிருந்து லிவ்ரேயை வாங்கி மூடிப் பையில் வைத்துக்கொண்டார். மாமா எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டார்.

பள்ளியில் ஒரு மதரிடம் காட்டியிருக்கலாம், துரைத்தனத்து அலுவலகத்தில் எவனாவது ஒரு கிளார்க்கிடம் நீட்டியிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. அப்பா செய்யவில்லை. காட்டினால் நான் பொய் சொன்னது நாலு பேருக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் மகளைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டார் என்று நான் நினைத்தேன். ரொம்ப நாள் அதை நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். அந்த அழுகையில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது.

அந்த ஜூலை பதினாலு அணிவகுப்பில் அப்பா நடக்கவில்லை, அதற்கப்புறம் எந்த வருஷமும் நடக்கவில்லை. செர்ழான் மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு கப்பலேறினான். நீங்கள் என்னைப் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளினீர்கள். காட்டிக்கொடுத்தவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தி இடத்தை மாற்றிக்கொண்டாள். அவளும் இப்போது குழுவில் இருக்கிறாள், தினமும் காலை வணக்கம் அனுப்புகிறாள். அக்காவை இரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை. பிறகு விழுப்புரத்தில் ஒரு மனிதருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். கெட்டவர் இல்லை. முதல் மனைவியின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து போவாள்.

அறுபத்திரண்டில் ஊர் முழுசாக இந்தியாவுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். அப்பா எழுதிக்கொடுத்தார். அவர் பெயருக்குக் கீழே அம்மா பெயர், என் பெயர். விழுப்புரத்துக்காரரின் மனைவிக்கு அந்தத் தாளில் இடமில்லை. கேள்விப்பட்டு அக்கா வந்தாள். அப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு வயதில் ஒரு பெண் குழந்தை. கிணற்றடியில் குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தவளிடம் நான் போய் நின்றேன். எனக்குப் பதினைந்து வயது, மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மை ஊறவில்லை, எட்டு நாள் முந்தைய தேதி தெளிவாக எழுதியிருந்தது, ஆஸ்பத்திரி என்ற வார்த்தையும் தெரிந்தது என்று சொன்னேன். என்னை அடி என்றேன். காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா என்னைக் காப்பாத்தத்தான் யார்கிட்டயும் காட்டல, அதான்கா தாங்க முடியல" என்று அழுதேன்.

அவள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "எனக்குத் தெரியும். செர்ழான் வீட்டுலேர்ந்து வந்த அன்னிக்கு சாயங்காலமே அப்பா சொன்னாரு."

"அப்புறம் ஏன்கா நீ என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கத்தான் வந்தேன். அப்பாதான் வேணாம்னாரு. 'கேட்டா இன்னொரு பொய் சொல்லுவா, அதை வேற நான் கேக்கணுமா'ன்னாரு."

உள்ளே குழந்தை அழுதது. அவள் காலை விடுவித்துக்கொண்டு சோறு ஊட்டப் போனாள்.